அமெரிக்காவில் ஒரு ஜெர்மானிய மாணாக்கர்

பிறநாடு சென்று கற்று மீள்வோரை நோக்கி நம்மனோர் வினவும் முதல் வினா, "என்ன பட்டம் பெற்று வந்தீர்?" என்பதே. அவர் ஆங்கு எத்தெருவில் நடந்தார், யாரோடு அமர்ந்து உண்டார், ஓய்வு நாட்களை எங்ஙனம் கழித்தார் என்பவற்றை ஒருவரும் வினவுவதில்லை. வாரத்தில் ஐந்து நாட்கள் கல்லூரிக்கு உரியன. அந்நாட்களில் மாணாக்கர் செய்வன யாவும் பாடத்திட்டம் வகுத்தபடியே நிகழ்வன. எஞ்சிய இரண்டு நாட்களே அவர்க்கு உரியன. அவற்றில் அவர் தாமே தேர்ந்து செல்லும் இடம், அவர் இன்னார் என்பதைப் புலப்படுத்துவதோடு, இனி எத்தகையர் ஆவார் என்பதையும் ஒருவாறு வரையறுத்து விடுகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்கு, 1930ஆம் ஆண்டில் ஜெர்மனியினின்றும் அமெரிக்கா சென்று பயின்ற டீட்ரிக் போன்ஹோபர் என்பாரது ஓராண்டு வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மாணவர் பரிமாற்றம் என்பது யாது? ஒரு நாட்டு மாணாக்கர் பிறிதொரு நாட்டிற் குறித்த காலம் தங்கிப் பயின்று, மீண்டும் தம் நாட்டிற்கே திரும்பும் ஏற்பாடு அது. முதல் உலகப் போரில் ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள், தம் இளைஞரையேனும் நண்பராக்குதல் வேண்டும் என்று கருதியமை இவ்வேற்பாடு பரவுதற்கு ஒரு காரணமாயிற்று. 1919இல் நியூயார்க்கிற் சர்வதேசக் கல்விக் கழகம் நிறுவப்பெற்றது. 1925இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஒரு பரிமாற்றக் கழகம் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இந்நோக்கம் அழிந்திலது. செனட்டர் புல்பிரைட் முயற்சியால் 1946இல் எழுந்த சட்டத்தை அடியாகக் கொண்டு, ஜெர்மனியும் அமெரிக்காவும் 1952இல் உடன்படிக்கை செய்துகொண்டன. 1983இல் இவ்விரு நாட்டுச் சட்டமன்றங்களும் கூடி, பள்ளி மாணாக்கரையும் தொழில் பயிலும் இளைஞரையும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடொன்றை நிறுவின. இந்நாளில் அவ்வாறு செல்லும் இளைஞர் பலர் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் வீட்டுப் பிள்ளைபோல் தங்குகின்றனர். சனிக்கிழமைகளில் அவ்வீட்டாரோடு ஏரிக்கரைக்கும் கடைத்தெருவுக்கும் பந்தாட்டத்திற்கும் சென்று வருகின்றனர். போன்ஹோபருக்கோ கல்லூரி விடுதியே இல்லமாயிற்று.

அவர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியர். செல்வமும் கல்வியும் ஒருங்கே அமைந்த குடும்பம். இருபத்தோராம் வயதிலேயே போன்ஹோபர் இறையியலில் டாக்டர் பட்டத்திற்கு உரியவரானார். ஆயினும், குருப்பட்டம் பெறுதற்கு இருபத்தைந்து வயது நிரம்புதல் வேண்டும் என்பது அவர்தம் திருச்சபையின் விதியாயிருந்தது. இடைப்பட்ட காலத்தைப் பயனுறக் கழிக்கக் கருதி, நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியற் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்று, 1930 செப்டம்பரில் 'கொலம்பஸ்' என்னும் கப்பலில் ஏறினார். அமெரிக்க இறையியலிற் கற்றற்குரியது பெரிதாக ஒன்றுமில்லை என்பதே அப்போது அவர் கொண்டிருந்த எண்ணம்.

அக்கப்பலில் அவரோடு ஒரே அறையிற் பயணம் செய்தவர் யார் என்பதை அறியின், மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் மகிழ்தற்கு இடமுண்டு. அவர், லாகூர் நகரத்துப் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியின் தலைவராயிருந்த லூக்காஸ் என்னும் அமெரிக்கர். இந்தியாவைப் பற்றி அவர் கூறியவற்றைக் கேட்ட போன்ஹோபர், படிப்பு முடிந்ததும் இந்திய நாட்டின் வழியாகவே ஊர் திரும்புதல் வேண்டும் என்று விழைந்தார். வழிச்செலவு மிகுதியாதலின் அவ்விருப்பம் அவ்வாண்டில் நிறைவேறவில்லை. எனினும் அவர் உள்ளத்தை விட்டு அகலவுமில்லை.

கரை சேர்ந்தவர், முதலிற் பிலடெல்பியா நகருக்கு அருகில் வாழ்ந்த தம் உறவினர் இல்லத்தில் சில நாட்கள் தங்கினார். பின்னர் நியூயார்க் புகுந்தார். அந்நகர் அக்காலை இருவேறு காட்சிகளை ஒருங்கே காட்டி நின்றது. ஒருபால், கிரைஸ்லர் மாளிகை 1930இல் முடிவுற்று விண்ணை அளாவிற்று. எம்பயர் ஸ்டேட் மாளிகை நாளொரு மேனியாக எழுந்து 1931 மே மாதத்தில் திறக்கப்பெற்றது. மற்றொருபால், 1929 அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தமையால் வேலையிழந்த மக்கள், ஒரு துண்டு ரொட்டிக்காகத் தெருவோரங்களில் வரிசை வரிசையாகக் காத்து நின்றனர். அவர் பயின்ற கல்லூரி மார்னிங்சைடு மேடு என்னும் உயர்ந்த நிலப்பகுதியில் அமைந்திருந்தது. அதன் அருகே, ராக்பெல்லர் அளித்த பெரும்பொருளாற் கட்டப்பட்ட ரிவர்சைடு ஆலயம், அவர் வந்த அவ்விலையுதிர் காலத்திலேதான் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. கிழக்கே, மேட்டினின்றும் இறங்கியவுடன் தாழ்வாகக் கிடப்பது ஹார்லெம். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு காலால் நடந்து செல்லத்தக்கதே. ஆனால், மேட்டிலிருந்தோர் அதனை நடந்து கடப்பது அரிதாயிருந்தது.

இனி அவரது நாள்வாழ்க்கையை நோக்குவோம். விடுதி வாழ்க்கை அவர்க்குப் புதுமையாயிருந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணாக்கர் ஆங்காங்கு அறை வாடகைக்கு எடுத்துத் தனித்து வாழ்வர். விரிவுரை முடிந்தால் அவரவர் வழி அவரவர்க்கு. இங்கோ அறைக் கதவுகள் எப்பொழுதும் திறந்தே கிடந்தன. யாரும் எந்நேரமும் புகலாம், எதனையும் பேசலாம். இதனால் தோழமையும், ஒருவர்க்கொருவர் உதவும் மனப்பான்மையும் வளர்தலை அவர் வியந்தார். அதே வேளையில், எவருடைய மனமும் புண்படலாகாது என்னும் எண்ணம் மிகுதலால், உண்மையை ஒளிக்காது உரைக்கும் துணிவு குறைகின்றது என்பதையும் அவர் கண்டார். விடுதியில் வாழும் நமக்கும் இவ்விரண்டும் தெரிந்தனவே அன்றோ!

வகுப்புக்கள் அவர்க்கு மனநிறைவு அளிக்கவில்லை. பாவத்தையும் மன்னிப்பையும் பற்றி லூத்தர் எழுதிய பகுதியொன்று வகுப்பிற் கூறப்பட்டபோது மாணாக்கர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு அவர் திகைத்தார். புகழ்பெற்ற ஆலயங்களிற் கேட்ட பிரசங்கங்களும் அவர் பசியைத் தீர்க்கவில்லை. உலகிலுள்ள எல்லாப் பொருள்களைப் பற்றியும் பேசப்பட்டது, சுவிசேஷம் ஒன்றைத் தவிர என்பதே அவரது குறை. எனினும் அம்மாணாக்கரிடத்து அவர் மதித்தது ஒன்றுண்டு. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அவருட் சிலர் வேலையற்ற ஏழைகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்துவந்தனர். அவ்வேழைகளுள் ஜெர்மானியரும் இருந்தனர். சார்லஸ் வெப்பர் என்னும் ஆசிரியர், தொழிலாளர் சங்கங்களும் அறநிலையங்களும் இயங்கும் இடங்களுக்கே மாணாக்கரை அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். ரைனால்டு நீபர் என்னும் பேராசிரியரின் வகுப்பிற் கறுப்பின எழுத்தாளரின் நூல்களும் இடம்பெற்றன. நூலின் வாயிலாக ஹார்லெமை அவர் அறியத் தொடங்கியது இவ்வகுப்பினாலேயாம்.

சிறு இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நிலவியது. அதனால், தம் இருபத்தைந்தாம் பிறந்த நாளில், தம்மோடு இரட்டையாய்ப் பிறந்த சகோதரியை வாழ்த்தி ஒரு கிண்ணம் திராட்சை மதுவை உயர்த்துதற்கும் இயலவில்லையே என்று அவர் வேடிக்கையாக வருந்தினார். மோட்டார் ஓட்டும் உரிமத்திற்கான சோதனையில் அவர் ஒருமுறைக்கு மேலும் தோல்வியுற்றார். இருபத்தோராம் வயதில் டாக்டர் பட்டத்திற்குரியவரான ஒருவர், தெருமுனையில் வண்டியைத் திருப்ப மாட்டாது தோற்றார் என்பதை அறிய, தேர்வுக்கு அஞ்சும் நம் போன்றோர்க்குச் சிறிது ஆறுதல் உண்டாகின்றது.

ஓய்வு நாட்களில் அவர் சென்ற இடங்கள் பல. கப்பலில் அறிமுகமான ஒரு குடும்பத்தார் ஸ்கார்ஸ்டேல் என்னும் புறநகரில் வாழ்ந்தனர். அவர்கள் இல்லத்திற்குச் சென்று வருவார். சுவிட்சர்லாந்து நாட்டினராகிய எர்வின் சுட்ஸ் என்பவரோடு இசையில் ஈடுபடுவார். அவரோடு 1930 கிறிஸ்துமஸ் விடுமுறையிற் கியூபாத் தீவுக்கும் சென்றார். தம் இளமையில் தம் வீட்டில் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்த ஆசிரியை ஒருவர் ஆங்கு ஹவானா நகரில் ஜெர்மானியப் பள்ளியிற் பணியாற்றி வந்தார். அந்நகரத்து ஜெர்மானியச் சபையில் போன்ஹோபர் பிரசங்கமும் செய்தார்.

ழான் லசேர் என்னும் பிரெஞ்சு மாணாக்கரோடு ஒருநாள் படக்காட்சி காணச் சென்றது தனித்துக் கூறத்தக்கது. ஒரு ஜெர்மானியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் அக்காலத்தில் நண்பராதல் எளிதன்று. போன்ஹோபரின் தமையனார் வால்டர் 1918இல் பிரெஞ்சுப் போர்முனையிலேயே உயிர் துறந்தவர். இருவரும் கண்ட படம், 'மேற்குப் போர்முனையில் யாதும் புதிதின்று' என்று பொருள்படும் ரெமார்க்கின் நாவலைத் தழுவியது. ஜெர்மானியப் போர்வீரரின் நோக்கிற் போரின் கொடுமையைக் காட்டுவது. அரங்கிலிருந்த சிறுவர்கள், திரையிற் பிரெஞ்சு வீரர் சுடப்பட்டு வீழுந்தோறும் கைகொட்டி ஆரவாரித்தனர். பிரெஞ்சு நண்பர் கண்ணீர் உகுத்தார். ஜெர்மானியரும் உடன் அழுது அவரைத் தேற்றினார். வேற்றுநாட்டுப் போர் சிறுவர்க்கு விளையாட்டாய் இருந்தது. அவ்விருவர்க்கும் அது வீட்டுத் துயரமாய் இருந்தது. அதே படம் 1930 டிசம்பரில் நாஜிக் கட்சியாரின் கலகத்திற்குப் பின் ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது.

இவையெல்லாவற்றினும் மேலாக அவரை மாற்றியவை ஞாயிற்றுக்கிழமைகளே. அக்கல்லூரியிற் பயின்ற கறுப்பின மாணாக்கர் மிகச் சிலர். அவருள் ஒருவர், அலபாமா மாநிலத்தினின்றும் வந்த பிராங்க் பிஷர் என்பவர். அவர் போன்ஹோபரை ஹார்லெமிலுள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். பல்லாயிரவர் உறுப்பினராயிருந்த பெருஞ்சபை அது. ஆடம் கிளேட்டன் பவல் என்பவர் அதன் போதகர். ஒருமுறை சென்று வேடிக்கை பார்த்து மீளும் விருந்தினராய் அவர் இருக்கவில்லை. ஆறு மாதங்களுக்கு மேலாக, ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு அவ்வாலயத்திற்குச் சென்று, நண்பரோடு சேர்ந்து ஞாயிறு பள்ளியிற் சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்தார். பெண்களுக்கு வேதபாடம் நடத்தினார். அவர்தம் இல்லங்களிற் புகுந்து பழகினார்.

ஆங்கு அவர் பெற்றது யாது? மேட்டிலுள்ள ஆலயங்களில் அவர் தேடிக் காணாத சுவிசேஷத்தை இங்கே கேட்டார். பாவம், கிருபை, மீட்பு என்பன இங்கே நூற்சொற்களாய் இல்லாது, அடிமைத்தனத்தினின்றும் வெளிவந்த மக்களின் உயிர்மூச்சாய் இருந்தன. போதகர் உரைக்குங்கால் சபையார் வாளாவிராது, ஆமென் என்றும் அல்லேலூயா என்றும் மறுமொழி கூறினர். அடிமைகள் வயல்களிற் பாடிப் பாடி வளர்த்த ஞானப்பாடல்கள் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. அவற்றின் இசைத்தட்டுக்களைத் தேடித் தொகுத்தார். கவுன்டீ கல்லன் என்னும் கறுப்பினக் கவிஞர் 1929இல் வெளியிட்ட 'கறுப்புக் கிறிஸ்து' என்னும் பாட்டு, வெறியரால் மரத்தில் தூக்கிக் கொல்லப்படும் ஓர் இளைஞனிடத்துச் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவைக் காண்பது. அதனையும் அவர் அறிந்திருந்தார்.

பிஷரோடு அவர் வாஷிங்டன் நகருக்கும் சென்று, கறுப்பின மக்களிடையே தங்கி, அவர்தம் ஹோவர்டு பல்கலைக்கழகத்தையும் கண்டார். வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தாரோடு ஒருங்கு பயணம் செய்து ஒருங்கு தங்குதல் அந்நாளில் வழக்கமன்று. ஒருமுறை உணவகமொன்றில் இருவரும் புகுந்தபோது, தமக்குக் காட்டிய மதிப்பைத் தம் நண்பர்க்குக் காட்ட ஆங்குள்ளோர் மறுத்தமை கண்டு, போன்ஹோபர் பலரும் காண எழுந்து வெளியேறினார். 1931 ஏப்ரலில் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின இளைஞர் ஒன்பதின்மருள் எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தம் நண்பர் பிறந்த மாநிலத்தில் நீதி எத்தகையது என்பதை அவ்வழக்கு அவர்க்குக் காட்டிற்று.

அவ்வாண்டின் உயிர்த்தெழுந்த திருநாளில் நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. பெரிய ஆலயங்களில் அந்நாளில் இடம் பெறுதற்கு முன்னரே அனுமதிச் சீட்டு வாங்கியிருத்தல் வேண்டும். அதனை அறியாதிருந்த போன்ஹோபர், இசையரங்கு ஒன்றிற் பெருங்கூட்டத்திற்கு உரையாற்றி வந்த ஸ்டீபன் வைஸ் என்னும் யூத குருவின் உரையைக் கேட்கச் சென்றார். கிறிஸ்தவ ஆலயத்திற் சீட்டின்றி இடம் பெறாத கிறிஸ்தவ இறையியலாளர்க்கு, யூதர் கூட்டம் இடம் தந்தது. இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியில் நிகழவிருந்ததை நினைக்குந்தோறும் இந்நிகழ்ச்சி நம் உள்ளத்தை உறுத்துகின்றது.

படிப்பு முடிந்ததும், 1931 மே மாதத்தில், லசேர், சுட்ஸ், பால் லேமன் என்னும் அமெரிக்கர் ஆகியோரோடு பழைய ஓல்ட்ஸ்மொபைல் மோட்டாரில் நெடும்பயணம் புறப்பட்டார். இடையிற் கூடாரமிட்டு உறங்கினர். மெக்சிகோ நாட்டு எல்லையிலிருந்து போன்ஹோபரும் லசேரும் மட்டும் புகைவண்டியிற் சென்றனர். அந்நாட்டு விக்டோரியா நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், ஜெர்மானியர் ஒருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் ஒரே மேடையில் நின்று சமாதானத்தைப் பற்றிப் பேசினர். மலைச்சொற்பொழிவு படிப்பதற்கு மாத்திரம் உரியதன்று, கைக்கொண்டு நடப்பதற்கு உரியது என்னும் உறுதி லசேரின் நட்பால் அவர்க்கு உண்டாயிற்று. ஜூன் மாதம் அவர் கப்பலேறித் தாய்நாடு மீண்டார்.

மீண்டவர் கொண்டுசென்றவை யாவை? இசைத்தட்டுக்கள் சில, நண்பர் சிலர், தாழ்த்தப்பட்டோர் நிற்கும் இடத்தில் நின்று உலகை நோக்கும் கண். அக்கண் எளிதில் வருவதன்று. அவர் அமெரிக்காவில் இருந்த காலையில், அவர்தம் மூத்த தமையனார், அந்நாட்டை நேரிற் கண்டு வந்த விஞ்ஞானி, அமெரிக்காவின் நிறவேற்றுமைக் கொடுமையை நோக்க ஜெர்மனியின் யூதர் பிரச்சினை ஒரு பொருட்டன்று என்னும் கருத்துப்பட எழுதினார். கற்றறிந்த நல்லோர்க்கும் பிறர் வீட்டுத் தீ தெரிந்தது. தம் வீட்டுப் புகை தெரியவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சி ஏற்றார். யூதர்க்கு எதிரான சட்டங்கள் பிறந்த அவ்வேப்ரலிலேயே, திருச்சபை யூதரின் பொருட்டு அரசினை எதிர்த்தும் நிற்கக் கடமைப்பட்டது என்று போன்ஹோபர் எழுதினார். பெர்லினில் அவ்வாறு துணிந்து கூறியோர் மிகச் சிலரே. ஹார்லெமில் ஞாயிறுதோறும் கற்ற பாடத்தை அவர் தம் ஊர்த் தெருவில் அடையாளம் கண்டுகொண்டார் என்பதே எம் கருத்து.

இந்தியாவையும் அவர் மறந்திலர். 1934இல் காந்தியடிகளுக்கு எழுத, அடிகளும் தம் ஆசிரமத்தில் வந்து தங்குமாறு அழைத்து மறுமொழி விடுத்தார். ஆனால், அரசுக்கு அடிபணியாத திருச்சபையினர் 1935இல் நடத்திய இரகசியம் போன்றதொரு குருமடத்தின் பொறுப்பு அவரை வந்தடைந்தமையால், அப்பயணம் கைகூடவில்லை. பின்கன்வால்டு என்னும் ஊரிலிருந்த அக்குருமடத்தில், ஹார்லெமின் இசைத்தட்டுக்கள் ஒலித்தன. இளங்குருமார் அமர்ந்து கேட்டனர்.

1939 ஜூன் மாதம் அவர் இரண்டாம் முறையாக நியூயார்க் வந்தார். நண்பர்கள் அவர் உயிரைக் காக்கக் கருதி வரவழைத்தனர். வேலையும் பாதுகாப்பும் காத்திருந்தன. அதே கல்லூரியில் அறையும் கிடைத்தது. எனினும் அவர்க்கு உறக்கம் வரவில்லை. தம் மக்களின் துன்பத்திற் பங்கு கொள்ளாதவர்க்குப் பின்னர் அவர்தம் நாட்டைச் சீர்ப்படுத்துவதிற் பங்கில்லை என்று தெளிந்து, ஜூலை மாதத்தில், போர் மூளுதற்குச் சில வாரங்கள் முன்பே திரும்பினார். 1943இற் சிறைப்பட்டு, 1945 ஏப்ரல் 9ஆம் நாள் பிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்பது.

பரிமாற்றக் கல்வியின் பயனை அளக்கப் புகுவோர் பட்டங்களையும் பதவிகளையும் எண்ணுவர். அவை வேண்டாதன அல்ல. ஆயினும், போன்ஹோபர் அவ்வாண்டிற் கேட்ட விரிவுரைகள் பெரும்பாலும் அவரை மாற்றவில்லை. மேட்டினின்றும் இறங்கி நடந்த ஒரு வழியே மாற்றிற்று. அவ்வழி அவரோடு பயின்ற அனைவர்க்கும் திறந்தேயிருந்தது. நடந்தவர் சிலரே.

கடல் கடக்கும் வாய்ப்பு நம்மில் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், மேடும் பள்ளமும் நியூயார்க்குக்கு மாத்திரம் உரியன அல்ல. நம் ஊர்களிலும் ஒருசாரார் நடவாத தெருக்கள் உள. கிறிஸ்துவின் பெயர் தரித்த நம் சபைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவரின் அடையாளம் முற்றும் அழிந்திலது என்பதை யாம் நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, நாம் எங்கே இருப்போம்? தேர்வுத்தாளில் வாராத இவ்வினாவிற்கு விடை எழுத வேண்டியவர் நாமே.